'படி' என்று சொல்லாமல் பிள்ளைகளைப் படிக்க வைப்பது எப்படி?

தமிழில் பாடம் படிப்பதும் படிப்புதான், கதை படிப்பதும் படிப்புதான். ஆனால் வீட்டில் ஒரு குழந்தையின் காதில் விழும் 'படி' பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். "விளையாடினது போதும், போய்ப் படி." "டிவியை அணைத்துவிட்டுப் படி." "பரீட்சை வருகிறது, படி." பிடித்த ஒன்றை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் கூடவே வருகிற சொல் அது. நாலைந்து வருடம் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டி "இதைப் படி" என்றால், அதுவும் இன்னொரு பாடமாகத்தான் தெரியும்.

என் மகளிடம் நான் செய்தது இதுதான். அவள் 6 வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், தினம் ஒரு பக்கம் என்று கணக்கு வைத்து உட்கார வைத்தேன். தடுமாறிய இடத்திலெல்லாம் நிறுத்தித் திருத்தினேன். மூன்று மாதத்துக்குள் புத்தகத்தை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போக ஆரம்பித்தாள். பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டு, நான் படிக்க அவள் கேட்கட்டும் என்று மாற்றினேன். அவள் தானாக ஒரு புத்தகத்தைத் திறக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஒரு நாள் மாலை, தன் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நான் படிக்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தவை: படிக்கச் சொல்வதைக் குறைத்து, படித்துக் காட்டுவதைக் கூட்டுவது. இப்போதுதான் தொடங்குகிற பெற்றோர், தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று யாரும் இதைச் செய்யலாம். இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

எந்த வயதில் தொடங்குவது?

கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்கலாம். அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு, சிசுப் பருவத்திலிருந்தே பிள்ளைக்குப் படித்துக் காட்டும்படி மருத்துவர்கள் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2014இல் பரிந்துரைத்தது. எழுத்தே தெரியாத குழந்தைக்கு எதற்கு என்று தோன்றலாம். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் வைத்துக்கொண்டால் உங்கள் முகம் இருப்பது அந்தத் தூரத்தில்தான். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிதாக வரைந்த படத்தை அந்தத் தூரத்தில் காட்டினால் உற்றுப் பார்க்கும். கதை புரியாவிட்டாலும் உங்கள் குரல் அதற்குத் தெரியும். அந்தக் குரலும் அணைப்பும் புத்தகம் என்கிற பொருளோடு சேர்ந்து மனதில் பதியத் தொடங்குவது அப்போதுதான்.

ஆறு மாதம் ஆனதும் புத்தகத்தைப் பிடுங்கி வாயில் வைக்கும். அது புத்தகத்தோடு பழகுகிற முறை, தடுக்க வேண்டாம். கெட்டி அட்டையில் செய்த புத்தகங்கள் இதற்காகவே வருகின்றன. ஒரு வயதுக்கு மேல் பக்கத்தைத் தானே புரட்டப் பார்க்கும். நடுவில் மூன்று பக்கம் தாண்டிப் போனாலும் விட்டுவிடுங்கள், அது திறந்த பக்கத்தில் இருப்பதைப் பேசுங்கள்.

பிள்ளைக்கு ஏழு வயது, பத்து வயது ஆகிவிட்டதே என்றால் கவலை வேண்டாம். வழி கொஞ்சம் மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புத்தகம் கைக்கு எட்ட வேண்டும்

பல வீடுகளில் புத்தகம் இருக்கும் இடம் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு. கிழித்துவிடும் என்ற பயம். குழந்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத பொருள் அதன் உலகத்தில் இல்லாத பொருள்தான். தரையிலிருந்து குழந்தையின் மார்பு உயரத்துக்குள் ஒரு தட்டு, இல்லாவிட்டால் ஒரு கூடை, அதுவும் இல்லையென்றால் ஓர் அட்டைப் பெட்டி போதும்.

வைக்கும்போது முதுகுப்புறம் தெரிய அடுக்காதீர்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்கு அந்த மெல்லிய முதுகில் ஒன்றுமே இல்லை. அட்டைப் படம் முன்னால் தெரியும்படி சாய்த்து வையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் புத்தகம் வெளியே இருந்தால் அதிகம். மீதியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலைந்தை மாற்றுங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்த புத்தகத்தைப் பிள்ளைகள் பழைய நண்பனைப் பார்த்ததுபோல ஓடி வந்து எடுப்பார்கள்.

கிழிந்தால் சேர்ந்து உட்கார்ந்து ஒட்டுங்கள். புத்தகத்தை மதிக்க வேண்டும் என்று அறிவுரை சொல்வதைவிட, கிழிந்த பக்கத்தை நீங்கள் பொறுமையாக ஒட்டுவதைப் பார்த்தே அது கற்றுக்கொள்ளும்.

நிறைய வாங்க வேண்டியதில்லை. பக்கத்தில் நூலகம் இருந்தால், முடிந்தால் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். அட்டையைத் தன் கையால் நீட்டி, தான் தேர்ந்தெடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு வரும் குழந்தையின் நடையே வேறு. நூலகம் தூரம் என்றால், பிரதம் புக்ஸ் என்ற குழந்தை நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், தரவிறக்கி அச்செடுக்கவும் அனுமதி உண்டு. நான்கைந்து கதைகளை அச்செடுத்து ஊசி நூலால் தைத்தாலே ஒரு புத்தகம் கிடைத்துவிடும்.

ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தினமும் 10 நிமிடம் போதும். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அது 60 மணி நேரத்தைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் நாலாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். நாள்தோறும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். தூங்கப் போகும் நேரம்தான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். வீடு அடங்கியிருக்கும், பிள்ளைக்கும் எங்கும் ஓட வேண்டியதில்லை, உங்களை இன்னும் பத்து நிமிடம் பிடித்து வைத்துக்கொள்ள அதற்கும் ஆசை.

இரவு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் செய்யலாம், குளிப்பாட்டித் தலை துவட்டிய பிறகு செய்யலாம். எந்த நேரம் என்பது முக்கியமில்லை, அதே நேரம் என்பதுதான் முக்கியம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அன்றைய கதையை நிறுத்தாதீர்கள், வீட்டுப்பாடம் முடித்தால்தான் கதை என்றும் சொல்லாதீர்கள். கதை நேரம் பேரம் பேசும் பொருளாகிவிடக் கூடாது. அன்று முழுக்க உங்களிடம் திட்டு வாங்கிய பிள்ளைக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் அதிகமாகத் தேவைப்படும்.

படித்துக் காட்டும் விதம்

எதிர் எதிரே உட்காராதீர்கள், அது வகுப்பறை ஆகிவிடும். மடியிலோ தோளோடு தோளாகவோ, இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்கும்படி உட்காருங்கள். முதலில் அட்டையைக் காட்டி, கதையின் பெயரையும் எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். புத்தகம் யாரோ ஒருவர் யோசித்து, எழுதி, வரைந்து செய்த பொருள் என்பது அப்படித்தான் தெரியவரும். நாள் போகப் போக "இந்தப் படத்தை வரைந்தவர்தான் அந்தப் புலிப் புத்தகத்துக்கும் வரைந்தவரா?" என்று அதுவே கேட்கும்.

உங்களுக்குச் சரி என்று தோன்றும் வேகத்தைவிட மெதுவாகப் படியுங்கள். பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பது நல்லது, படத்தைப் பார்த்து முடிக்கக் குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும். கரடிக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று செய்ய வந்தால் செய்யுங்கள். கூச்சமாக இருந்தால் வேண்டாம். நடிக்கத் தெரியாத அப்பாவின் சாதாரணக் குரலும் அந்தப் பிள்ளைக்குப் போதுமானது.

படித்துக் காட்டும்போது பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று கருவி வைத்துக் கண் அசைவை அளந்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் ஏறக்குறைய முழு நேரமும் படத்தைத்தான் பார்த்தார்கள், எழுத்தின் பக்கம் கண் போனது மிக அரிது. அதனால், மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வப்போது தலைப்பின் கீழும் ஏதாவது ஒரு வரியின் கீழும் சுட்டுவிரலை ஓட்டிக் காட்டுங்கள். எல்லா வரிக்கும் செய்தால் கதை நின்றுவிடும். 'மியாவ்', 'டமார்' என்று பெரிதாக அச்சிட்ட சொல் வந்தால் அதைத் தொட்டுக் காட்டுங்கள். அந்தக் கறுப்புக் கோடுகளிலிருந்துதான் இந்தச் சத்தம் வருகிறது என்று புரிந்த நாளில் குழந்தையின் கண் விரிவதைப் பார்க்கலாம்.

தமிழ்ப் பெற்றோருக்கு இங்கே தனியாக ஒரு கேள்வி வரும். நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். வீட்டில் 'போனான்', 'சொன்னாங்க'. புத்தகத்தில் 'சென்றான்', 'கூறினார்கள்'. அப்படியே படிப்பதா, பேச்சுவழக்குக்கு மாற்றிச் சொல்வதா? மூன்று வயதுவரை மாற்றிச் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. அந்த வயதில் கதை பிடிபட வேண்டும், அவ்வளவுதான். நான்கு வயதிலிருந்து புத்தகத்தில் உள்ளபடியே படித்து, புரியாத இடத்தில் மட்டும் பேச்சுவழக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். 'ஆயினும்', 'வியப்புடன்', 'அருகே' போன்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் வரவே வராது. காதில் ஒருமுறைகூட விழாத சொல்லை ஏழு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால், எல்லா எழுத்தையும் சரியாகச் சொன்ன பிறகும் அது என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது வருவதைவிடக் குழந்தைப் புத்தகங்களில் அரிய சொற்கள் அதிகம் என்று ஆங்கிலத்தை வைத்து ஹேஸ், ஆரன்ஸ் என்ற இருவர் 1988இல் எண்ணிக் காட்டினார்கள். பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில், அந்தச் சொற்களைக் காதுவழியே கொண்டு போய்ச் சேர்ப்பதற்குப் படித்துக் காட்டுவதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்கலாம், பரீட்சை வைக்கக் கூடாது

கதை நடுவே பிள்ளையோடு பேசுவது நல்லது. குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் 2 வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வெறுமனே படித்துக்கொண்டே போகாமல், குழந்தையைப் பேச வைத்து, அது சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் சொன்ன வீடுகளில் ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சுத் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. 1988இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

செய்யும் விதம் எளிது. "நாய்" என்று குழந்தை காட்டினால், "ஆமாம், பெரிய கறுப்பு நாய், எங்கேயோ ஓடுகிறது" என்று நீட்டிச் சொல்லுங்கள். "எங்கே ஓடுகிறது?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைவிட "இப்போது என்ன செய்யும் என்று நினைக்கிறாய்?" என்பது நல்ல கேள்வி. "உனக்கும் ஒரு நாள் இப்படிப் பயமாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா?" என்பது அதைவிட நல்லது.

ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கதை விறுவிறுப்பாகப் போகும்போது ஒன்றுகூட வேண்டாம். முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வி, கேட்ட கதை முழுவதையும் பாடமாக்கிவிடும். நல்ல கதையைக் கேட்டு முடித்த பிள்ளை சில நேரம் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அப்போது நீங்களும் சும்மா இருந்தால் போதும். நாலு நாள் கழித்து, எங்கோ நடந்து போகும்போது, "அந்த ஆமை ஏன் திரும்பிப் போகவில்லை?" என்று கேட்கும்.

அதே கதை, மறுபடியும் அதே கதை

நாற்பதாவது தடவை அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது பெரியவர்களுக்குச் சலிப்பு வருவது இயல்பு. மாற்றிவிடாதீர்கள். ஜெசிகா ஹார்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011இல் 3 வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், இன்னொரு பிரிவுக்கு வேறு வேறு கதைகளையும் படித்தார்கள். புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். அந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்ட குழந்தைகள்தான்.

முதல் தடவை குழந்தை என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. ஐந்தாவது தடவை யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறது. பத்தாவது தடவைக்கு அடுத்த வரியைத் தானே சொல்கிறது. அந்த நிலை வந்ததும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள், அது முடித்து வைக்கும். பின்னொரு நாள் புத்தகத்தைத் தானே விரித்து வைத்துக்கொண்டு, மனப்பாடமான கதையைப் பக்கத்துக்குப் பக்கம் சரியாகச் சொல்லும். "நீ படிக்கவில்லை, ஒப்பிக்கிறாய்" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். படிப்பு தொடங்குகிற வாசல் அது.

தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்கட்டும்

நாம் வாங்க ஆசைப்படுகிற புத்தகம் ஒன்று, பிள்ளை கை நீட்டுகிற புத்தகம் வேறு. டைனோசர், லாரி, விண்வெளி, பேய், கால்பந்து வீரர்கள், துணுக்குச் செய்திகள் எதுவானாலும் அதன் விருப்பத்தை மதியுங்கள். படக்கதைகளைப் பற்றி ஒரு பயம் உண்டு, படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்று. கட்டத்துக்குக் கட்டம் நடப்பதைக் கோத்துப் புரிந்துகொள்வதும் வாசிப்புதான். பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் சின்ன வாக்கியங்கள், நீளப் பத்திகளுக்குப் பயப்படும் பிள்ளைக்குச் சரியான படிக்கட்டு.

கதையே பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் மகன் அப்படித்தான். கதை தொடங்கினால் நெளிவான், எரிமலை எப்படி வெடிக்கிறது என்றால் அசையாமல் உட்காருவான். இரண்டு வருடம் எரிமலை, பூச்சி, நீர்மூழ்கிக் கப்பல் என்றே போனது. அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பாதியில் மூடி வைக்கவும் அனுமதி கொடுங்கள். எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற விதி, அடுத்த புத்தகத்தை எடுக்கவிடாமல் செய்யும். தானாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்குப் புத்தகம் கடினமா என்று பார்க்க ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஐந்து விரல் கணக்கு உதவும்: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கும்போது, தெரியாத சொல் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலை நீட்ட வேண்டும். ஐந்து விரலும் நீண்டுவிட்டால் இப்போதைக்கு அதை நீங்கள் படித்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று விரல் என்றால் சரி, அதுவே படிக்கலாம்.

தானாகப் படிக்கத் தொடங்கும் நாட்கள்

பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது, இனி அதுவே படிக்கட்டும் என்று நாம் கையை எடுத்துவிடுகிறோம். நேற்றுவரை மடியில் சாய்ந்து நீளமான, சுவையான கதைகளைக் கேட்ட குழந்தை, இன்று தனியாக உட்கார்ந்து 'பட்டம், மட்டம், வட்டம்' என்று கூட்டிக்கொண்டிருக்கிறது. படிக்கக் கற்றதற்குக் கிடைத்த பலன் அதுதான் என்றால் எப்படி ஆசை வரும்? காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன், கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிடப் பல வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எழுத்துக்கூட்டும் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் படித்துக் காட்டுவது நிற்க வேண்டாம். 10 வயது, 12 வயதுவரைகூடப் போகலாம்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்களைத் தெரிந்து வைத்திருந்தால் நமக்குப் பொறுமை வரும். மொத்தம் 247 எழுத்து என்பது பெரிதாகத் தெரிந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டால் மீதி தானாக வரும். உண்மையான தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கெ' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பிறகு வருகிறது. 'கொ' என்பதில் ஒரே ஒலிக்கான குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்துப் படிக்கும் பிள்ளை அங்கே நின்று யோசிப்பது நியாயம்தானே.

இன்னொன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'பம்பரம்' என்ற சொல்லில் முதல் 'ப' ஒரு மாதிரி, இரண்டாவது 'ப' வேறு மாதிரி. 'தங்கம்', 'பகல்', 'பக்கம்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கான விதியைச் சொல்லி ஆறு வயதுக் குழந்தைக்குப் புரிய வைக்க முடியாது. பம்பரம் என்ற சொல் ஏற்கெனவே காதில் பதிந்திருந்தால், எழுத்துக் கூட்டும்போதே "ஓ, பம்பரம்!" என்று பிள்ளை பிடித்துவிடும். கேட்ட கதைகள் கை கொடுப்பது இப்படித்தான்.

சேர்ந்து படிக்கும்போது ஒரு வரி நீங்கள், ஒரு வரி பிள்ளை என்று மாற்றி மாற்றிப் படிக்கலாம். தொடக்கத்தில் ஒரு பக்கம் நீங்கள், ஒரு சொல் மட்டும் பிள்ளை என்றாலும் சரி. தடுமாறினால் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அதற்குள் அதுவே கண்டுபிடித்தால் நல்லது, இல்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். 'மரம்' என்பதை 'மறம்' என்று அழுத்திப் படித்தாலோ, மூன்று சுழி ணகரத்தை இரண்டு சுழி போல உச்சரித்தாலோ கதை நேரத்தில் திருத்த வேண்டாம். பொருள் மாறிப்போகிற தவறை மட்டும், "அந்த வரியை இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று கேளுங்கள். பல நேரம் தவறு பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

வெளியிலும் எழுத்து இருக்கிறது. பெயர்ப் பலகை, பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர், பொருட்களின் பொட்டலம், நீங்கள் எழுதி வைக்கும் சாமான் பட்டியல் எல்லாமே படிக்கத்தக்கவை. தலையணைக்கடியில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி வைத்துப் பாருங்கள். தனக்கென்று எழுதிய எழுத்தைப் பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டாவது படித்துவிடும்.

பரிசு வேண்டாம்

பத்துப் புத்தகம் படித்தால் ஒரு பொம்மை என்பது நல்ல யோசனை போலத்தான் இருக்கும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் படம் வரைவதை விரும்பிச் செய்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள், கிட்டத்தட்ட பாதி. விருப்பத்துக்காகச் செய்தது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

எத்தனை பக்கம், எத்தனை புத்தகம் என்று சுவரில் பட்டியல் ஒட்டுவதையும் நான் விட்டுவிட்டேன். எண்ணிக்கைக்காகப் படிக்கும் பிள்ளை மெல்லிய புத்தகமாகத் தேடும். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், இன்னொரு புத்தகம் கொடுங்கள். "இன்னும் ஒரு அத்தியாயம் படிக்கிறேன், தூங்கு" என்பதும் பெரிய பரிசுதான்.

நீங்கள் படிப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்

போனில் நீங்கள் கட்டுரையோ நாவலோ படித்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைக்குத் தெரிவது போன் மட்டும்தான். அதனால் அச்சுப் புத்தகமோ பத்திரிகையோ கையில் வைத்து, தினம் கொஞ்ச நேரம் அதன் கண்ணுக்கு முன்னால் படியுங்கள். படிக்கும்போது சிரிப்பு வந்தால் சிரியுங்கள், "இங்கே பாரேன்" என்று ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருடைய போனும் வேறு அறையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒலிப்புத்தகங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பயணத்தில் அவை பெரிய துணை. தொட்டால் பாட்டுப் பாடி, விளையாட்டுக் காட்டும் திரைப் புத்தகங்களில் பிள்ளையின் கவனம் கதையை விட்டு பொத்தான்களுக்குப் போய்விடுகிறது. திரையில்தான் படிக்க முடியும் என்றால், அசையாத பக்கங்கள் உள்ளதாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

ஏற்கெனவே விலகிப்போன பிள்ளைக்கு

10, 11 வயதாகி, புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு மாத ஓய்வு கொடுங்கள். பாடப்புத்தகம் தவிர எதையும் படிக்கச் சொல்லாதீர்கள், ஏன் படிப்பதில்லை என்றும் கேட்காதீர்கள். இந்த ஒரு மாதத்தில் அதற்கு எதில் உயிர் என்று கவனியுங்கள். கிரிக்கெட்டா, மிதிவண்டி பிரிப்பதா, துப்பறியும் தொடர்களா, சமையலா?

அப்புறம் அது சம்பந்தமான ஒன்றைக் கொண்டு வந்து, எதுவும் சொல்லாமல் அது உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எடுத்தால் எடுக்கட்டும். ஒரு வாரம் தொடாவிட்டால் மாற்றி வேறொன்றை வையுங்கள். இன்னொரு வழி, விறுவிறுப்பான கதையின் முதல் இரண்டு அத்தியாயத்தை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டுப் படிப்பது. யாரையும் கூப்பிட வேண்டாம், பக்கத்து அறையில் காது நீண்டுவிடும். நல்ல கட்டத்தில் நிறுத்திப் புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். தம்பி தங்கை இருந்தால், "இன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை, நீ அவனுக்குப் படித்துக் காட்டேன்" என்று கேட்கலாம். தன் வயதுக்குக் கீழான எளிய புத்தகத்தைக் கூச்சமில்லாமல் படிக்க அது ஒரு நல்ல வாய்ப்பு.

விருப்பமின்மை வேறு, சிரமம் வேறு

சில பிள்ளைகள் படிக்க மறுப்பது பிடிக்காமல் அல்ல, முடியாமல். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிப்பது, கண்ணைச் சுருக்குவது, படித்தால் தலைவலி என்பது போன்றவை இருந்தால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். அடிக்கடி "என்ன?" என்று கேட்டால் காதையும் பார்க்க வேண்டும்.

கண்ணும் காதும் சரியாக இருந்து, நல்ல கற்பித்தலும் கிடைத்து, பேச்சில் கெட்டிக்காரனாகவும் இருக்கும் பிள்ளை, 7 அல்லது 8 வயதிலும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் திணறினால், அதே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாகப் படித்தால், அது டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். இது சோம்பேறித்தனமும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், பள்ளியிலும் கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற நிபுணரிடமும் பேசுங்கள். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்றுத்தரும் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

அந்தப் பயிற்சி நடக்கும் மாதங்களில் வீட்டில் அதையே திரும்பச் செய்து பிள்ளையைக் களைக்க வைக்காதீர்கள். உங்கள் வேலை இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அதன் வயதுக்கேற்ற, அதன் அறிவுக்கேற்ற பெரிய கதையை நீங்களே படித்துக் காட்டுவது. நீங்கள் இல்லாத நேரத்துக்கு ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுங்கள், கையில் அதே புத்தகத்தின் அச்சுப் பிரதியும் இருக்கட்டும், விரும்பினால் கண்ணை ஓட்டிக்கொண்டே கேட்கும்.